ஏழாவது கோரிக்கை இன்னும் சொல்லப்படவில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் ஊறியதும் இல்லை, கனவில் வந்ததும் இல்லை. தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மேசைக்கு வந்து, "வெள்ளி விழா மலருக்கு ஒரு கதை வேணும். எட்டுப் பக்கம். நடுவுல அரைப் பக்கம் உர விளம்பரம் வரும், அதுக்குத் தகுந்த மாதிரி எழுதிக்குங்க" என்றார்.

நான் சங்கப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவன். ஒற்று விடுபட்டால் கண்டுபிடித்துவிடுவேன். மற்றபடி தக்காளியைச் செடியில் பார்த்தது என் ஆயுளில் மூன்று தடவை, மூன்றும் கொடியேற்று நாளில், தூரத்திலிருந்து.

"யாரைப் பத்தி எழுதணும்?"

"ஏழாவதக்காவைப் பத்திதான், வேற யாரு. ஆனா ஒண்ணு. கதையில எங்கயும் அவங்க அதைச் சொல்லிடக் கூடாது."

"எதை?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இப்படி அல்லாடுறேன்" என்று சொல்லிவிட்டு, என் தேநீரை எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

"வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. தக்காளிச் செடிகளின் மேல் பனித்துளிகள் இன்னும்—"

(வேண்டாம். அவ்வளவு வெயிலில் எந்தப் பனித்துளி உட்கார்ந்திருக்கும்? வயலில் இறங்காதவன் எழுதுகிறான் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.)

இரண்டாவது தொடக்கம்:

"உழைப்பவன் குருதியால் சிவந்த கனியே, நீ—"

(இது செயலாளர் கைப்பட எழுதித் தந்தது. அங்கே பறிப்பது பச்சைக் காயை. அது லாரியில் போகிற வழியில்தான் சிவக்கிறது. செயலாளரும் வயலை விட்டு ஏறி வெகுகாலம் ஆகிறது.)

மூன்றாவது தொடக்கம் எழுதவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2

இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால், சங்கம் தொடங்கிய மறுவருஷம், ஏழாவதக்கா வேலை பார்க்கும் தக்காளித் தோட்டத்தில் நாற்பத்தொரு நாள் வேலை நிறுத்தம் நடந்தது. நடக்காமல் என்ன செய்யும். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை குனிந்த முதுகு நிமிரக் கூடாது. பூச்சிமருந்து அடித்த ஈரம் காய்வதற்குள் அதே வரிசையில் இறங்கச் சொல்வார்கள். குடிக்கத் தண்ணீர் மேற்பார்வையாளர் ஜீப்பில் மட்டும் இருக்கும், ஜீப்பு எப்போதும் வயலின் அடுத்த கோடியில் இருக்கும்.

சங்கத்தைத் தொடங்கியவர் ஒரு நெட்டை மனிதர். கொடிக்கம்பம் என்று கூப்பிடுவார்கள். அவர் இரண்டு தடவை கோரிக்கைப் பட்டியல் எழுதினார். இரண்டு தடவையும் யாரோ போட்டுக்கொடுத்துவிட, பட்டியல் முதல் நாளே முதலாளி மேசைக்குப் போய்விட்டது. மூன்றாவது தடவை மனிதர் காகிதத்தையே தலைமுழுகிவிட்டார். பன்னிரண்டு கோரிக்கை, பன்னிரண்டு பேர். காய் பறிக்கிற மாதிரியே வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொருவர் காதிலும் ஒன்றே ஒன்று சொன்னார். விதி இரண்டு. உன்னுடையதை மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் சொல். அடுத்தவருடையதைக் கேட்காதே. ஒருவரை மிரட்டினாலும் ஒன்றுதான் வெளியே போகும் என்பது அவர் கணக்கு.

ஏழாவது கோரிக்கை, முப்பத்து நான்கு வயதுப் பறிப்பாளி ஒருத்திக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள் வரைக்கும் அவரை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. கை வேகம், வாய் கம்மி.

பேச்சுவார்த்தை நாளன்று டிராக்டர் பெட்டியில் எல்லோரும் ஏறினார்கள். தலை எண்ணப்பட்டது. பன்னிரண்டு. சரியாக இருக்கிறது என்று வண்டி கிளம்பிவிட்டது. எண்ணியவர் டிராக்டர் ஓட்டுபவரையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். ஏழாவதக்கா அந்நேரம் வேலிப் பக்கம் ஒதுங்கியிருந்தார். வயலில் கழிப்பறை கிடையாது, நல்ல மறைவான புதர் அரை மைல். திரும்பி வந்து பார்த்தால் வண்டி போன புழுதிதான் இருந்தது. ஓடியிருக்கிறார். ஒரு மைல் ஓடி, மூச்சிரைத்து, கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

அங்கே மேசையில் ஆறு பேர் ஆறு கோரிக்கைகளைச் சொல்லி முடித்தார்கள். எட்டாமவர் கட்டுப்பாடானவர். ஏழு சொல்லாமல் எட்டு எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டார். நான்கு நிமிஷம் ஒரே அமைதி. முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். சொல்லக்கூட முடியாத அளவுக்குப் பெரியதாக எதையோ கேட்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அவரே கேட்டு வாங்கி, மற்ற பதினொன்றுக்கும் அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். குறிப்பெடுத்த எழுத்தர் நேர்மையானவர்: "ஏழு: சொல்லப்படவில்லை."

(இங்கே கொடிக்கம்பத்தின் சாவை ஒரு பக்கத்துக்கு எழுதி, கிழித்துவிட்டேன். நாலாம் வருஷம் நெஞ்சு நோயில் போனார். கடைசி வாரத்தில் செயலாளர் போய் அந்த ஏழாவது என்ன என்று கேட்டாராம். "அது அந்தம்மாகிட்ட பத்திரமா இருக்கு" என்றாராம். அதற்கு மேல் நான் என்ன அழகாக எழுதிவிடப் போகிறேன்.)

3

ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். முதல் புதுப்பிப்பின்போது, பழைய தாளில் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்த அந்த 'சொல்லப்படவில்லை' என்ற வரியைப் பார்த்து நிர்வாகத்தரப்பு மேலாளர் கேட்டார்:

"இது என்ன?"

செயலாளர் அப்போது இளைஞர். புத்திசாலி. மேலாளரின் குரல் லேசாக நடுங்கியதைக் கவனித்துவிட்டார். "அது இருக்கட்டும். நேரம் வரும்போது பேசலாம்" என்றார்.

ஏழாவது இதுதானோ என்ற பயத்தில், ஒரு மாதத்தில் வயலோரம் வரிசையாகக் கழிப்பறைகள் முளைத்தன. ஏழாவதக்காவை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். அவர் ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்து, தாழ்ப்பாள் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லா இருக்குங்க. இது இல்ல."

பிறகு நடந்ததை நான் எழுதினால் கப்சா என்பீர்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் சங்க அலுவலகத்தில் கோப்பு இருக்கிறது. சக்கரம் வைத்த நிழற்கூரை வந்தது. இது இல்ல. மருந்து அடித்தால் மூன்று நாளைக்கு யாரும் வரிசையில் இறங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ரொம்ப நல்லதுங்க, இது இல்ல. டிராக்டர் பெட்டிக்குப் பதில் பஸ், மெத்தை இருக்கையோடு. கூடை எடை போடுகிற தராசின் முகம் தொழிலாளிக்குத் தெரியும்படி திருப்பப்பட்டது. கண் பரிசோதனை. ஒரு வருஷம் நிர்வாகம் ரொம்பக் குழம்பிப்போய் ஒரு பாட்டு வாத்தியாரை வேலைக்கு வைத்தது. அவர் ஆறு மாதம் வரப்பில் நின்று ஸ்வரம் சொல்லிக்கொடுத்தார். ஏழாவதக்கா அவரையும் முழுசாகக் கேட்டார், பொறுமையாக.

கேட்டு வாங்கிய பதினொன்றைவிடக் கேட்காத ஒன்று அதிகம் வாங்கித் தந்துவிட்டது. பக்கத்துத் தோட்டங்களின் சங்கங்கள் வந்து இந்த உத்தியைப் படித்துவிட்டுப் போயின. ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு கோரிக்கையையும் சொல்லாமல் விட்டுப் பார்த்தார்கள். அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.*

* ஒன்றைத்தான் விட முடியும் என்பது இதிலிருந்து தெரிகிறது. இது ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் இங்கே ஒரு அட்டவணை போட்டிருப்பேன்.

4

இப்போது ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்கே சந்தேகம் வருகிறது. நிர்வாகத்தில் ஒருவர் இருக்கிறார். அவர் அறைக்கதவில் "தொழிலாளர் நல்லுறவு அலுவலர்" என்று இருக்கும். அவருடைய ஒரே வேலை ஏழாவதக்காவின் முகத்தைப் பார்ப்பது. பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறார். எதைக் காட்டும்போது முகம் மாறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் ஏழாவது எதுவென்று தெரிந்துவிடும் அல்லவா? குடையும் நோட்டுப் புத்தகமுமாக அவர் வரிசைக்கு வரிசை கூடவே போவார்.

இவரை நான் இட்டுக்கட்டியதாக நீங்கள் நினைப்பீர்கள் என்று பயந்து, ஒரு வரைவில் நீக்கினேன். மறுநாள் அவரே என்னைத் தேடி வந்துவிட்டார்.

"என்னை எடுத்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"நம்ப மாட்டாங்க சார்."

"எனக்கே நம்ப முடியலை" என்றார். நோட்டைத் திறந்து காட்டினார். 'இடது புருவம் சுருங்கியது: வெயில்.' 'உதடு பிரிந்தது: கொட்டாவி.' 'சிரித்தார்: பக்கத்து வரிசைப் பெண் ஏதோ சொன்னாள், என்னைப் பற்றி.' பதினாறு நோட்டுகள். ஒருமுறை ஏழாவதக்காவின் கணவரிடம், தூக்கத்தில் ஏதாவது உளறுவாரா என்றுகூடக் கேட்டிருக்கிறார். "உளறுவா சார். 'இது இல்ல, இது இல்ல'ம்பா. எனக்கே பொண்டாட்டி தூங்குறாளா ஆபீஸ்ல இருக்காளான்னு புரியாது" என்றாராம் அவர்.

பாவம், திரும்பச் சேர்த்துக்கொண்டேன்.

5

ஏழாவதக்காவை நான் நேரில் பார்த்தது அந்த வாரம்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி, வெளிக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். தக்காளிச் செடியின் கறை கையில் ஏறினால் பச்சையாகத் தொடங்கிக் கறுப்பாகிவிடும். சோப்புக்கு மசியாது. பழுத்த தக்காளி ஒன்றை நசுக்கி, விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் எழுதுறவரா தம்பி? என்ன எழுதியிருக்கீங்க?"

"நீங்க வேலிப் பக்கம் போன வரைக்கும்."

"அதைப் போடணுமா?" என்றார். பிறகு அவரே, "போடுங்க. கழிப்பறை இல்லாததுதானே காரணம். எனக்கென்ன வெக்கம், அவங்களுக்கு இருக்கட்டும்" என்றார்.

அவருக்கு இது கடைசி வாரம். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு என்பது பதினோராவது கோரிக்கை. செயலாளரைத் தவிர, வேலையில் இருப்பவர் மட்டுமே பேச்சுவார்த்தை மேசையில் உட்காரலாம் என்பது பன்னிரண்டாவது. சங்கம் போராடி வாங்கிய இரண்டு உரிமைகளும் சேர்ந்து அவரை மேசையிலிருந்து எழுப்பப் பார்க்கின்றன. வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள். அன்றைக்குச் சொல்லவில்லை என்றால் என்றைக்கும் சொல்ல முடியாது. அவர் சொல்லிவிடுவது என்று இருக்கிறார்.

செயலாளர் அந்தக் குழாயடிக்கே வந்துவிட்டார். கை பிசைந்துகொண்டு நின்றார்.

"அக்கா, சொல்லிட்டா அது வெறும் கோரிக்கைக்கா. அவங்க ஒத்துக்கிட்டு, கட்டத்துல டிக் போட்டுட்டுப் போயிடுவாங்க. சொல்லாத வரைக்கும்தான் அது சங்கம்."

"இத்தனை வருஷமா உன் பேச்சைத்தான் கேட்டேன்."

"உங்களாலதானே நிழல் வந்துச்சு, பஸ் வந்துச்சு. இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கு."

"நம்ம சங்க மண்டப வாசல் கல்லுல என்ன எழுதியிருக்கீங்க? பன்னெண்டு பேர் போனாங்கன்னு. பதினோரு பேர்தான் போனீங்க. நான் இன்னும் போகலை."

செயலாளர் வந்த வழியே திரும்பி நடந்தார். என் முதல் வரைவில் இவரை வில்லனாகத்தான் வைத்திருந்தேன், மீசையை முறுக்கவிட்டுக்கூட எழுதியிருந்தேன். அவருக்கு மீசையே கிடையாது. உண்மையில் அவர் கெட்டவர் இல்லை. அவர் பயப்படுவதும் நியாயம்தான். மருந்து ஈரத்தில் இறங்கிக் கை வெந்துபோனவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு வேகாத கையோடு பறிக்கிறார்கள் என்றால், அதில் இந்த மனிதரின் கள்ளத்தனத்துக்கும் பங்கு உண்டு.

அவர் போன பிறகு ஏழாவதக்கா என்னிடம் சொன்னார். "முதல் வருஷம் யாரும் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடலை தம்பி. ஏழாவதை நான் தொலைச்சுட்டேன்னாங்க. தொலைக்கலை. வாய் நிறையத் தண்ணிய வச்சுக்கிட்டு நடக்குற மாதிரி நடந்திருக்கேன்."

 அந்த வாக்கியத்தை நோட்டில் இரண்டு தடவை எழுதினேன்.

6

வியாழக்கிழமை அச்சகத்திலிருந்து ஆள் வந்து நின்றுவிட்டான். நடக்காததற்கு முன்கூட்டியே முடிவு எழுத வேண்டிய நிலை. மூன்று முடிவுகள் எழுதி, ஏழாவதக்காவிடமே எடுத்துப்போனேன்.

முடிவு அ: அவர் எழுந்து, 'இந்த நிலம் எங்களுக்கு வேண்டும்' என்கிறார். கூரை அதிர்கிறது. மேலாளர் மயங்கி விழுகிறார்.

முடிவு ஆ: அவர் எழுகிறார். வாயைத் திறக்கிறார். மறந்துவிட்டது.

முடிவு இ: ஏழாவது கோரிக்கை என்று ஒன்று இல்லவே இல்லை. அன்றைக்குக் கொடிக்கம்பம் அவர் காதில் சொன்னது, 'நீ சும்மா உட்கார்ந்திரு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதுதான்.

ஏழாவதக்கா மூன்றையும் பொறுமையாகக் கேட்டார். முதலாவதுக்குப் புருவம் தூக்கினார். இரண்டாவதுக்குக் கொஞ்சம் கோபப்பட்டார். மூன்றாவதுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். குடையோடு எட்ட நின்றவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு தம்பி" என்றார். "இது இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழிப்பறை, நிழற்கூரை, பாட்டு வாத்தியார், அந்த வரிசையில் அடுத்து நிற்பது நான். வாயைத் திறந்து கேட்பதை விட்டுவிட்டு, நானும் எதையோ கட்டிக்கொண்டு போய் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

(ஏழு என்ற எண்ணைச் சங்கத்தில் வேறு எதற்கும் பயன்படுத்துவதில்லை. பஸ்ஸில் ஏழாம் இருக்கை அவருக்கு, விழா மலரில் ஏழாம் பக்கத்தில் விளம்பரம். ஆகவே அடுத்தது எட்டு.)

8

வெள்ளிக்கிழமை காலை பத்தரை. நீள மேசை. இந்தப் பக்கம் செயலாளரும் பன்னிரண்டு பேரும். அதில் ஏழாவதக்கா ஏழாவது நாற்காலியில். அந்தப் பக்கம் புது மேலாளர், வயது நாற்பதுகூட இருக்காது. அவருக்குப் பக்கத்தில் முகம் பார்ப்பவர். மூலையில் எழுத்தர். சுவரோரம் நான்.

ஆறு வரைக்கும் கடகடவென்று முடிந்தது. செயலாளர் வழக்கம்போல, "ஏழு, அப்புறம் பேசலாம். எட்டு..." என்று ஆரம்பித்தார்.

ஏழாவதக்கா எழுந்து நின்றார்.

இருமவில்லை, வணக்கம் சொல்லவில்லை. இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். ரேகையெல்லாம் கறுத்த கை. மேலாளரை நேராகப் பார்த்தார். மூச்சை இழுத்தார்.

முகம் பார்ப்பவர் நிமிர்ந்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் பார்க்காத ஏதோ ஒன்றை அந்த முகத்தில் பார்த்துவிட்டார். நோட்டில் கிறுக்கி, தாளைக் கிழித்து மேலாளர் பக்கம் தள்ளினார். அந்தத் தாளை நான் பிறகு பார்த்தேன். 'சொல்லப் போகிறார்' என்று மட்டும் இருந்தது.

மேலாளர் அதைப் படித்தார். அவருக்கு முன்னால் இருந்த இரண்டு மேலாளர்களும் இந்த ஒரு வரியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அவர் படக்கென்று எழுந்தார்.

"ஒத்துக்கிட்டோம்" என்றார். "ஏழாவது கோரிக்கை எதுவா இருந்தாலும் நிர்வாகம் முழுசா ஒத்துக்குது. நிபந்தனையே இல்ல."

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முதலில் புரிந்துகொண்டது செயலாளர். எதுவாக இருந்தாலும் என்றால், இனி எதையும் ஏழாவது என்று சொல்லிக்கொள்ளலாம். மனிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினோரு பேரும் கைதட்டினார்கள். எழுத்தர் நேர்மையாக எழுதினார்: "ஏழு: ஏற்கப்பட்டது." புகைப்படம் எடுத்தார்கள். ஓய்வு பெறுபவர் என்பதால் ஏழாவதக்கா கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தார்கள்.

"நான் இன்னும் சொல்லலைங்களே" என்றார் ஏழாவதக்கா.

"இனிமே எதுக்கும்மா சிரமம்" என்றார் மேலாளர், உண்மையான அன்போடு. "எல்லாம் கிடைச்சிடுச்சு."

அவர் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டாமவர் தன்னுடையதைச் சொல்லத் தொடங்கினார்.

9

அச்சகத்தில் இரண்டு நாள் தவணை வாங்கியிருந்தேன். சனிக்கிழமை பகலில் ஏழாவதக்கா என் அறைக்கு வந்தார். அச்சுத் தாள்களை ஒதுக்கி, என் மேசைக்கு எதிரே உட்கார வைத்தேன்.

"முடிச்சுட்டீங்களா தம்பி?"

"ஆமாக்கா. எல்லாரும் கைதட்டுறதோட முடியுது."

"இது இல்ல."

"நடந்தது இதுதானேக்கா."

"நடந்தது இதுதான். முடிஞ்சது இது இல்ல."

 கடைசியில் கேட்டுவிட்டேன். "என்கிட்ட சொல்லுங்களேன். அப்படியே போட்டுடறேன்."

"உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க இந்தப் பக்கத்து ஆளு. விதி தெரியுமில்ல." பிறகு அச்சுத் தாளைப் புரட்டிப் பார்த்தார். "இதை யாரெல்லாம் படிப்பாங்க?"

"ஒரு அறுநூறு பேர். தோட்டத்துக்காரங்க பாதி இருப்பாங்க. மீதி வெளியாளுங்க, முகம் தெரியாதவங்க."

"அந்த மீதிப் பேரு தக்காளி சாப்பிடுவாங்களா?"

"சாப்பிடாம என்னக்கா."

"அப்ப அவங்க மேசைக்கு அந்தப் பக்கம்தான்" என்றார். "எழுந்திரிங்க தம்பி. அவங்களுக்கு அந்த நாற்காலி வேணும்."

எழுந்துவிட்டேன். ஜன்னல் ஓரமாக நின்று, தாளைச் சுவரில் வைத்துத்தான் இந்த வரிகளை எழுதுகிறேன். மலரில் இதற்கு இடம் இருக்குமா, செயலாளர் என்ன சொல்வார் என்பதெல்லாம் அப்புறம். நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். அவர் கையிரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டார். உங்களைத்தான் பார்க்கிறார். நான் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுகிறேன், எனக்குக் கேட்க உரிமை இல்லை.

ஒன்றே ஒன்று. உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும், அவர் சொல்லி முடிக்கும் முன்னால் ஒத்துக்கொண்டுவிடாதீர்கள்.